இருவருக்கும் பத்து

மாலை வகுப்பில் நாற்காலிகள் வசதியாக இருக்கும், ஐயா. அதற்காகத்தான் சேர்ந்தேன். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே வேலை. பாடம், குடும்பத்தில் உரையாடல். வீட்டில் இருப்பவர்களிடம் வாரம் ஒருமுறை பத்துக்கு எத்தனை திருப்தி என்று கேட்டு நாட்குறிப்பில் எழுதிவர வேண்டும்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். முதல் வாரம் அம்மா மூன்று, மனைவி இரண்டு. குறை என்னுடையதோ என்று தோன்றியது. எனக்கு எப்போதும் என்மேல்தான் சந்தேகம். அதனால் ஒருவர் பேச்சை மற்றவரிடம் நானே முள்ளெடுத்துக் கொண்டுபோனேன். "துணி மடிக்கிறாளா, பொட்டலம் கட்டுறாளா?" என்று அம்மா கேட்டால், "அம்மாவுக்கு உன் கைவேகம் பிடிச்சிருக்கு" என்பேன். நான்காம் வாரம் ஆறும் ஏழும் வந்தது.

அவர்கள் நேரில் பேசினால் கெட்டுவிடும். ஆகவே அம்மாவுக்குக் காது அடியோடு போய்விட்டது, காட்டிக்கொள்ளாதே என்று மனைவியிடம் சொன்னேன். மனைவியைப் பற்றி அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

அங்கேதான் சறுக்கினேன். எதிரில் இருப்பவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் இருவரும் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லத் தொடங்கினார்கள். ஒருநாள் காய் நறுக்கியபடி அம்மா சொன்னாளாம்: "பாவம், நல்ல பொண்ணு. என் பிள்ளைகிட்ட வந்து மாட்டிக்கிட்டா."

"மாட்டினது நான் மட்டுமா, அத்தை?"

அந்த வாரம் இருவரும் ஒரே குரலில் பத்து என்றார்கள். சிரித்தார்கள். பிறகு தினமும் மாலையில் கைகோத்து நடக்கப் போனார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். அந்தப் பத்து என் முறையால் வந்ததல்ல. அதை எப்படி எழுதுவது?

மாடிப்படி வளைவில் பல்பைக் கழற்றியது நான்தான். இரண்டு படிகளில் எண்ணெய் தடவியதும் நான்தான். போதுமா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். ஒருவர் விழுந்தால் மற்றவர் நலம் விசாரிக்க என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். கைகோத்திருப்பார்கள் என்பது மறந்துவிட்டது.

அம்மா ஆஸ்பத்திரியின் மேல்தளத்தில் இருக்கிறாள். மனைவி கீழ்த்தளத்தில். இருவருக்கும் தாடையில் கம்பிக் கட்டு, கையில் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்கு வாய் திறக்கக் கூடாதாம். ஒருவர் சொல்வதை மற்றவரிடம் நான்தான் ஏறி இறங்கிச் சொல்கிறேன். இந்த வாரம் இருவருக்கும் பத்து.

வாக்குமூலத்தில் சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அம்மா காலையில் சொன்னதை இன்னும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை.