பேப்பரில் வரட்டும்

"…ரேடியோ சொன்னா அவ நம்பமாட்டாவாம், தம்பி. 'அதில கதைக்கிறவனுக்கு என்ர பிள்ளையைத் தெரியுமோ? பேப்பரில வரட்டும், நம்புறன்' எண்டு சொல்லிப்போட்டு, நேற்றும் அவனுக்குச் சாப்பாட்டுக் கோப்பையில சோறு போட்டு மூடி வைச்சவா."

கொழும்பில், கிராண்ட்பாஸ் டிராமில் எனக்கு முன்னால் இருந்த அச்சுக்கோப்பவர்தான் மனைவியைப் பற்றி இப்படிச் சொன்னார். மகன் வேலை செய்த கப்பல் சண்டையில் மூழ்கிவிட்டது. மகன் பெயரும் உள்ள, இறந்தவர்களின் பட்டியல் தந்தியில் வந்து, அவருடைய அச்சகத்தில் காத்துக்கிடந்ததாம்.

"இண்டைக்கு லீவு போடுங்கோ அண்ணை. வேற ஆரும் கோக்கட்டும்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"அந்தச் சின்னப் பேப்பருக்கு என்னை விட்டா ஆர் இருக்கினம்? நான் இறங்கிப்போய்க் கோத்தா, நாளைக்கு அவ சோறு வைக்கமாட்டா."

அச்சகத்தடியில் டிராம் நின்றது. எழுந்துபோய் வாசல் கம்பியைப் பிடித்தவர், திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.