போட்டுப் பாருங்க

இல்ல சார், இது கூட்ஸு வண்டி, ரயில்வே கேட்டு அவ்ளோ சீக்கிரம் தொறக்காது. ஆட்டோக்காரரப் பாருங்க, எறங்கி பீடியே பத்த வெச்சிட்டாரு. பதினோரு மணிக்கு என்கொயரி, உங்கள பஸ் ஸ்டாண்டாண்ட போயி கூட்டினு வான்னு பிரின்சிபால்தான் என்ன அனுப்பிச்சாரு. நேரம் இருக்குது சார். நான்தான் சும்மா சும்மா வாட்ச்ச பாத்துக்கினு இருக்கேன்.

நானா? தர்மன். முசரவாக்கம். காலேஜில ஆன்லைன் கோர்ஸு ரெண்டாயிரத்து ஏழுல ஆரம்பிச்சாங்க இல்ல, அதுலேர்ந்து இருக்கேன். வாத்தியாருங்க பாடத்த வீடியோ எடுத்து, எடிட் பண்ணி, நெட்ல ஏத்தறது என் வேலை. மவுஸு புடிக்க சொல்லிக் குடுக்கறதும் நான்தான். அய்யோ, அத ஏன் கேக்கறீங்க! ராஜகோபால் சாருன்னு ஒருத்தரு, இருவத்தஞ்சு வருஷம் கிளாஸ் எடுத்த மனுஷன். கேமராவ பாத்து வணக்கம் சொல்லிட்டு, பசங்க எங்கப்பான்னு என்னக் கேட்டாரு.

ஆமா சார், ஸ்ரீவல்லி மேடம் விஷயமாத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும். ஸ்டாடிஸ்டிக்ஸு. ஆன்லைன்ல சேந்த அறுவது பேருல நாப்பத்தோரு பேரு பெயிலு. இன்னிக்கு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா அவங்கள கோர்ஸ வுட்டே தூக்கிடுவாங்க. பதினெட்டு வருஷ சர்வீஸு. சின்ன காஞ்சிபுரத்துலேர்ந்து டவுன் பஸ்ல வருவாங்க, ஒரு நாள் லேட்டு கெடையாது.

பசங்க எழுதின கம்ப்ளைன்ட்ட நானும் படிச்சேன். மேடம் மூச்சு வுடாம ஓடறாங்க, ஒண்ணும் புரியலன்னு. பாவம், அதுங்களச் சொல்லியும் குத்தமில்ல. பகல்ல தறியில ஒக்காந்துட்டு, சாயங்காலம் பிரௌசிங் சென்டர்ல காசு குடுத்து பாக்குதுங்க.

ஆனா மேடம் ஓடற ஆளே இல்ல சார். நீங்க கிளாஸ்ல வந்து பாருங்களேன். போர்டுல ஒரு கணக்கு எழுதுவாங்க. போட்டுப் பாருங்கன்னு சொல்லிட்டு, சாக்பீஸ வெச்சிட்டு கம்முனு நிப்பாங்க. கடைசி பெஞ்சு பையன் எழுதி முடிக்கற வரைக்கும் அடுத்த வார்த்தை வராது. கேமரா முன்னாடியும் அதே கதைதான். சாத்தின ரூமு, எதிர்ல நான் ஒருத்தன். போட்டுப் பாருங்கன்னுட்டு ரெண்டு நிமிஷம் காலி பெஞ்சையே பாத்துக்கினு நிப்பாங்க. எனக்கு சிரிப்பு வரும் சார். என்னடா இவங்க, யாருக்கோசரம் நிக்கறாங்கன்னு.

நேத்து மேடம் என் ரூமுக்கு வந்தாங்க. அவங்க வீடியோவ அவங்க பாத்ததே இல்ல சார், ஒரே கூச்சம். நான் எங்க தப்பு பண்றேன்னு காட்டுப்பா தர்மா, நாளைக்கு என்கொயரில கேட்டா பதில் சொல்லணுமேன்னாங்க. கம்ப்யூட்டரு ரிப்பேருன்னு பொய் சொல்லிட்டேன். சரிப்பா, நான்தான் வேகமா பேசிட்டேன் போலருக்குன்னுட்டுப் போயிட்டாங்க. அடிச்சிருந்தாக்கூட தாங்கிக்கினு இருப்பேன்.

இன்னா சார்? நீங்க பாத்த வீடியோவுல அவங்க எங்கயுமே நிக்கலியா?

நிக்க மாட்டாங்க சார். ஒரு பாடம் அர மணிக்கு மேல போவக் கூடாதுன்னு எங்களுக்கு ரூலு. நெட்டும் ஸ்லோவு. பேசாம சும்மா நிக்கற எடம்தானேன்னு எல்லாத்தையும் நான்தான் வெட்டினேன். இருவது பாடம், ஒண்ணு வுடல. கணக்கு சொன்ன கையோட விடையும் வந்துடும். அப்பறம் பசங்க எப்ப போடும்?

மொத்தத்தையும் எடுத்தபடியே வெச்சிருக்கேன், உங்களுக்குப் போட்டுக் காட்டறேன். என்ன வேணா எழுதிக்கோங்க, என் பேரையே எழுதுங்க. மேடத்தாண்ட மட்டும் நீங்க சொல்லிடாதீங்க சார். அவங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு நிமிஷம் குடுங்க, நானே சொல்லிடறேன்.