ஸுஹைனா மறுத்த மன்னிப்பு

அஸ்ஸலாமு அலைக்கும். தலைமைக் கதிரையைத் தாங்கியிருக்கும் உசனார் ஹாஜியார் அவர்களே, ஊர் வழக்கைத் தீர்த்துத் தீர்த்து உரமேறிய பெரியவர்களே, அடுப்பில் கறி அடிப்பிடித்தாலும் பரவாயில்லை என்று வந்தமர்ந்த தாய்மார்களே, கைபேசிக்குக் கண்ணைத் தந்து எனக்குக் காதைத் தந்த வாலிபர்களே, கணினி விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கிய கனவான்களே! அப்படி எவரேனும் இருந்தால் எழுந்து நில்லுங்கள், பொன்னாடை ஒன்று மீதமிருக்கிறது.

ஒருவரும் இல்லையா? சரி, பொன்னாடை மடிப்புக் குலையாமல் இருக்கட்டும்.

நம் ஓட்டமாவடிப் பெண் ஸுஹைனா ஒரு கணினி விளையாட்டுச் செய்தாள். பெயர், 'வட்டைக் காவல்'. விளைந்து நிற்கும் வட்டையில், அதாவது வயல்வெளியில், யானை இறங்கும். பரணில் இருந்தபடி பயிரைக் காக்க வேண்டும். தோழிகள் இருவரோடு வருடக்கணக்காய்ப் பாடுபட்டுச் செய்தாள். அதில் யானை விரட்டும் காவல்காரனின் குரல் அடியேன் நளீருடையது. இன்று நான் பஸ் நிலையத்தில் இறங்கினால், "ஏய், அங்கால போ!" என்று பொடியன்கள் என்னையே விரட்டுகிறார்கள். எத்தனை புகழ்! ஆனால் வாங்கியவர் எங்கே? விளையாடாத வீடில்லை, விலை கொடுத்த வீடுமில்லை! வெளிவந்த வாரமே பூட்டை உடைத்து, பென் டிரைவில் ஏற்றி, தேநீர்க் காசுக்கு விற்றது நிஸ்தாரின் கடை. இதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார். தலையைக் குனியாதீர்கள் நிஸ்தார், விளக்கு உங்கள் மேல்தான் விழுகிறது.

எடுத்தவர்கள் வாயில்தான் எத்தனை நியாயம்! ஒருவர் சொன்னார், "கொப்பிதானே எடுத்த? அவட கேம் அவகிட்டத்தானே இரிக்கி?" இருக்கிறது ஐயா, இருக்கிறது! உங்கள் வட்டையில் வெயிலில் நின்று அறுத்தவனை, "உன் கை உன்னிடம்தானே இருக்கிறது" என்று வெறுங்கையோடு அனுப்புவீர்களா?

இன்னொருவர், "வெளாடிப் பாத்துட்டு நல்லா இருந்தா வாங்குவன்" என்றார். யானை எல்லாம் ஓடிவிட்டது. கடைசிக் கட்டமும் முடிந்துவிட்டது. மனிதர் முதலில் இருந்து மறுபடி தொடங்கிவிட்டார்; இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்! விருந்தில் சஹன் தட்டை வழித்துத் துடைத்துவிட்டு, ருசி பார்த்தேன் என்று எழும்புகிற ஆசாமி!

மூன்றாமவர் கொள்கைக் குன்று. "வெளிநாட்டுக் கம்பனிக்கு நம்மட காசு போகப்படா, இது பகிஷ்கரிப்பு" என்றார். பகிஷ்கரிப்பவன் விளையாடாமல் அல்லவா இருப்பான்? பல் விளக்காமல் பகலெல்லாம் விளையாடுவதற்குப் பெயர் பகிஷ்கரிப்பா? அதுபோகட்டும், எது ஐயா வெளிநாடு? ஸுஹைனாவின் வீடு நம் பாலத்துக்கு அப்பாலா, பாற்கடலுக்கு அப்பாலா?

என்ன தம்பி, பின்னால் இருந்து? கார்ட் இல்லையா? ஓம், கேட்கிறது. வங்கி அட்டை இல்லாதவன் வெளிநாட்டுக் கேமை வாங்குவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸுஹைனா காசைக் கையில் தந்தாலே போதும் என்றாளே! அவள் வாசலைத் தாண்டித்தானே நீ நிஸ்தாரின் கடைக்கு நடந்தாய்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நிஸ்தார் இந்த வாரம் மக்காவுக்கு, உம்றாவுக்குப் புறப்படுகிறார். போகுமுன் வாசல் வாசலாய் ஏறிச் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்பது நம் வழக்கம். கேட்டு வந்தவரை ஒருவரும் மறுத்ததாக இவ்வூரில் பேச்சே இல்லை. ஸுஹைனாவின் வாசலுக்கும் அவர் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"உம்றாவுக்குப் போறன் தங்கச்சி. ஏதும் பிழை நடந்திருந்தா ஹலாலாக்கிருங்க" என்றார்.

"கடையில நம்மட கேம் விக்கிறத்த நிப்பாட்டிட்டீங்களா நிஸ்தார் நானா?"

"அத இப்ப மச்சான் பாக்கிறான். கடை வேற, நான் வேற தங்கச்சி."

சிரிக்காதீர்கள்! அவள் சிரிக்கவில்லை.

"அப்ப ஹலாலாக்க மாட்டன் நானா. களவு இன்னும் நடக்குது. முடியாத பிழைய எப்பிடி மன்னிக்கிற?"

ஊர் கொதித்தது. யார்மேல்? விற்றவர் மேலா? வாங்கியவர் மேலா? மறுத்தவள் மேல்! கல்நெஞ்சுக்காரி என்றார்கள். பயணம் போகிறவரைக் கலங்கவைத்தாள் என்றார்கள். தோழிகள் இருவரையும் அவளோடு சேரவிடாமல் வீட்டார் மறித்துவிட்டார்கள். 'வட்டைக் காவல்' இரண்டாம் பாகம் பாதியில் நிற்கிறது. அவள் கட்டார் நாட்டுக்குப் போய் ஏதோ அலுவலகத்தில் வேலை பார்க்க ஆயத்தமாகிறாள். எனக்கு நெஞ்சு எரிகிறது, சபையோரே!

அவளைப் பாராட்டும் விழா என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். மேடையேறியதும் ஹாஜியார் என் காதில், "நளீர், நீங்க சொன்னா கேப்பா. எல்லாருக்கும் முன்னால மன்னிக்கச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன், ஹாஜியார் அவர்களே, ஒலிபெருக்கியிலேயே சொல்கிறேன்.

ஸுஹைனா! மன்னிக்காதே மகள்! அந்தக் கடையில் கடைசிப் பிரதி அழியும்வரை மன்னிக்காதே! உழைப்பை இலவசமாய் எடுத்தவர்கள் மன்னிப்பையும் இலவசமாய்க் கேட்கிறார்கள். கொடுக்காதே!

நிஸ்தார், எழும்புகிறீர்களா? நல்லது. வீட்டுக்குப் போகாதீர்கள், கடைக்குப் போங்கள். அழிக்க வேண்டியதை அழித்துவிட்டு அவள் வாசலுக்குப் போங்கள்.

அவரைப் பார்த்துத் தலையாட்டும் சபையோரே, விற்றவர் ஒருவர். வாங்கியவர் நாம் எல்லோரும். மக்காவைக் காணும் ஆசை உங்களுக்கும் உண்டல்லவா? ஒருநாள் நீங்களும் அந்த வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பீர்கள். அன்று அந்தக் கதவு பூட்டிக் கிடந்தால், அவள் கடல் கடந்து போயிருந்தால், யாரிடம் கேட்பீர்கள்?

பொறுமையாய் இருந்தவர்களுக்கு நன்றி, கோபித்தவர்களுக்கும் நன்றி. வஸ்ஸலாம்.