இன்னைக்குப் பாஹிங்

"…ஆடினா ஞாபகம் வருமாம் ஜெங்! கேட்டியா இந்தக் கூத்தை? சர்க்கரை வந்த கெழடுங்களை வரிசையா நிக்கவெச்சு, பாட்டை அலறவிட்டு, கையைத் தூக்கு, காலை மடக்குன்னு… மூச்சு வாங்கினாத்தான் மூளைக்கு ரத்தம் போகுமாம். இத்தனை நாளா எந்த வழியாப் போச்சாம்?"

சுகாதார நிலையத்து மண்டபக் கதவு பூட்டியிருந்தது. வாசல் பெஞ்சில் அமர்ந்து இபு சுமிரா பொரிந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாய்க் குடிவந்த வூலான், அவர் வாயில் 'ஜெங்', அதாவது தங்கச்சி, துணைக்கு வர இசைந்த குற்றத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன ஞாபகப் பரீட்சையில அந்த டாக்டரு… சுமத்ராக்காரன், மீசைகூட ஒழுங்கா மொளைக்கலை… 'இபு'ன்னு அம்மா முறை வெச்சு, 'இன்னைக்கு என்ன நாளு'ங்கறான். 'பாஹிங்'னேன். தப்புன்னுட்டான்! வாரத்துக்கு ஏழே நாளாம் அவனுக்கு. எங்க ஜாவாவுல அஞ்சு நாள் சந்தை வாரம் தனியா ஓடுதுப்பா… லெகி, பாஹிங், போன், வாகே, க்ளிவோன்… எம்புருஷன் செத்துப்போன நாளையே அப்பிடித்தான் ஞாபகம் வெச்சிருக்கேன்னேன். கேட்டாத்தானே! எம்மககிட்டயும் ஊதிட்டான். இன்னைக்கு, இந்த வியாழக்கிழமைப் பரீட்சையிலயும் தவறினா ஜகார்த்தாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாளாம். பதினேழாவது மாடி! நானென்ன மூட்டையா?

"அந்தப் பார்த்தினி இருக்காளே… யாரு செருப்பையாவது மாட்டிக்கிட்டுப் போயிடுவா. ஆறு மாசம் குதிச்சா. இப்ப ஞாபகப் பரீட்சையில முப்பதுக்கு இருபத்தெட்டாம்! என்ன மினுக்கு, என்ன மினுக்கு… நானா? போவேனே, ஒரு சனி விடாம! கடைசி வரிசையில நின்னு ரெண்டு வெரலை ஆட்டுவேன். முடிஞ்சதும் டீ வரும். மூணு கரண்டி சர்க்கரை போட்டுப்பேன். களைப்பு அவங்களுக்கு, டீ எனக்கு!

"இன்னைக்குக் கேக்கட்டும் அவன். 'வியாழன், பாஹிங்'னு ரெண்டையும் சேத்தே மூஞ்சியில அடிச்சாப்பல சொல்றேன்… எங்கே, ஒருத்தரையும் காணோம்? மறந்துட்டாங்க பாரு! இவங்க எனக்குப் பரீட்சை வெக்கறாங்க… அதென்ன சத்தம்? ஆடா? இதென்ன ஜெங், எதிர்ல சந்தை மைதானத்துல இத்தனை ஆடு… ஆட்டுச் சந்தை பாஹிங்குக்கு மறுநாள், போன் நாள்லதானே கூடும்…"

வூலான் கைப்பேசியில் கிழமையைப் பார்த்துவிட்டுத் திரையைக் கவிழ்த்தாள்.

இபு சுமிரா விரல்களை மடக்கி எண்ணினார். லெகி, பாஹிங்… மூன்றாம் விரல் மடங்க மறுத்து நின்றது. மீண்டும் முதலிலிருந்து எண்ணினார். மைதானத்தில் ஆடுகள் ஓயாமல் கத்தின.

"ஜெங்…" அந்தக் குரலில் ஏளனம் வற்றிப்போயிருந்தது. "சனிக்கிழமை என்கூட ஆட வர்றியா? முன் வரிசையிலயே நிப்போம்."

மடங்காத விரலைப் பார்த்தபடி கேட்டார்:

"நாளைக்குத்தானே சனி?"