எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஞானசீலன்

மேடையில் அமர்ந்திருக்கும் மூன்று ஊர்ப் பிரதிநிதிகளே, முன்வரிசையில் இருக்கும் ஞானசீலன் ஐயாவின் மனைவி லோயிஸ் அம்மா அவர்களே, கீழ் கோத்தகிரியிலிருந்து இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றுகொண்டிருக்கும் என் தேயிலைத் தோட்ட லைன் வீட்டுச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். நாற்காலி போதவில்லை என்று உங்களிடம் சொன்னார்களாம். வருத்தப்படாதீர்கள். நமக்கு எது போதியிருக்கிறது?

என் பெயர் கெஸியா. மலையூர்கள் வீட்டுப் பங்கீட்டுக் குழுவின் இணைச் செயலாளர். மகளைத் தூங்கவைத்துவிட்டு இதை எழுதினேன். எழுதாமல் பேசினால் மரியாதை தவறிவிடும் என்ற பயம். அதனால் எழுதியதையே வாசிக்கிறேன்.

யார் இந்த ஞானசீலன்? அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வரைபடம் போட்டவர். பணிக்காலம் முழுவதும் குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர். ஓய்வு பெற்றபின் சும்மா இருந்திருக்கலாம். கீழ் கோத்தகிரிச் சரிவில் மண் பிளந்து, எங்கள் லைன் வீடுகள் ஆபத்தானவை என்று அதிகாரிகள் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போனார்களே, அன்றைக்கு எங்களைத் தேடி வந்த முதல் வெளியூர்க்காரர் அவர்.

ஆயிரத்து இருநூறு வீடுகள் கட்ட அரசுப் பணம் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றும் தங்களுக்குள் பேசி, எந்த ஊர் எத்தனை வீட்டுக்கு இடம் தரும் என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். பேசிவைக்க ஒரு பொது ஆள் தேவைப்பட்டது. எல்லோரும் சேர்ந்து ஐயாவைப் பிடித்தார்கள்.

அவர் எப்படிப்பட்ட பொது ஆள் தெரியுமா? பங்கு போடுபவன் எந்த ஊருக்கும் சொந்தக்காரனாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார். ஒரு வருடம் குன்னூரில் வாடகைக்கு இருந்தார். மறு வருடம் ஊட்டி. அதற்கடுத்து கோத்தகிரி. போகிற ஊரின் திருச்சபைக்கே உறுப்பினர் பதிவையும் மாற்றிக்கொண்டார். லோயிஸ் அம்மா மூன்று முறை பாத்திரம் கட்டினார்கள். கூட்டங்களில்கூட, எந்த ஊர் முதலில் பேசுவது என்பதை முறை வைத்து மாற்றினார். “இந்தத் தடவை ஊட்டியிலிருந்து தொடங்கலாமா?” என்பார். அடுத்த தடவை வேறு ஊர். யாருக்கும் ஒரு மனக்குறை வரக் கூடாதாம்!

அவருடைய கணக்கு ரொம்ப எளிமையானது. எங்கள் லைனில் இப்போது கொழுந்து பறிப்பவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் குன்னூர் ஓட்டல்களில் பாத்திரம் கழுவுகிறார்கள், ஊட்டி விடுதிகளில் மெத்தை உதறுகிறார்கள், கோத்தகிரி பங்களாக்களில் பிள்ளை வளர்க்கிறார்கள். ‘ஒரு மனிதரின் பகலை எடுத்துக்கொள்கிற ஊர், அவர் இரவில் படுக்கவும் இடம் தர வேண்டும்.’ இவ்வளவுதான் அவர் விதி. எந்த ஊருக்கு எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்களோ, அந்த ஊருக்கு அத்தனை வீடு.

இதில் என்ன தப்பு கண்டீர்கள்?

குன்னூர்ப் பிரதிநிதி நவநீதன் அவர்கள் எழுந்து கேட்டார்: “ஏனுங்க ஞானசீலன், இது ஊருங்களா, கறிங்களா, இப்படிக் கூறு போடறீங்க?” மண்டபமே சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. “கறியா இருந்திருந்தா எல்லாரும் பெரிய கூறு கேட்டிருப்பீங்க. மனுசங்களாப் போயிட்டாங்க, அதான் சின்னக் கூறு கேக்கறீங்க” என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பஜ்ஜித் தட்டில் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. கொஞ்ச நேரம்தான்.

ஊட்டிப் பிரதிநிதி ஜெர்சன் அவர்களுக்குக் காட்சிதான் பிரச்சினை. சுற்றுலா வருகிறவர் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டுமாம். துணி காய்வது தெரியக் கூடாதாம். அந்த ஜன்னலைத் துடைப்பவர் எங்கள் லைன் ரஞ்சனி அக்கா. துடைக்கும்போது அவர் தெரியலாம். தூங்கும்போது தெரியக் கூடாது. கோத்தகிரிப் பிரதிநிதி சசிரேகா அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே வாக்கியம்: “எங்களுக்கே தண்ணி இல்லைங்க.”

கடைசியில் மூன்று ஊரும் ஒற்றுமையானது. எதில்? மொத்த வீட்டையும் பந்தலூரில் கட்டிவிடலாம் என்பதில்! பந்தலூரிலிருந்து குன்னூருக்கு வேலைக்கு வருவதென்றால், விடிவதற்குள் பஸ் ஏறி, பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்ப வேண்டும். பந்தலூர்க்காரர்களை யாராவது கேட்டார்களா? அந்தக் கூட்டத்துக்கு அவர்களை அழைக்கவே இல்லை. ஐயா கையெழுத்துப் போட மறுத்தார். பணம் இன்னும் திரும்பிப் போகவில்லை. இந்த மாதக் கடைசியோடு கெடு முடிகிறது.

உங்கள்மேல் மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஐயாமேலும் எனக்குக் கோபம் உண்டு. என் வீட்டுச் சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. என் மகள் ஜெனிஸ் அதில் தன் கிரேயான்களைச் செருகி வைப்பாள். போன மழைக்கு முன்னால் ஒரு கிரேயான் நுழைந்த இடத்தில் இப்போது அவள் கை நுழைகிறது. இதைச் சொல்லி, நம் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். “பங்கு போடறவன் ஒரு பக்கமாச் சாஞ்சா, அப்புறம் அவன் கை பட்டதை யாரும் எடுக்க மாட்டாங்கம்மா” என்றார். “நீங்க சாய வேண்டாம் அங்கிள், சுவரு சாயுது” என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பினார். அந்த நல்ல மனிதரை அன்றைக்கு நான் மனதாரத் திட்டினேன். இன்றைக்கும் அந்தத் திட்டைத் திரும்பப் பெறவில்லை.

பத்து நாளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், கோத்தகிரி வாடகை வீட்டில் அவர் இறந்துபோனார். வீட்டுக்காரர் வந்து லோயிஸ் அம்மாவிடம் துக்கம் விசாரித்தார். விசாரித்த கையோடு, மேல்மாடிக்குச் சாயங்காலம் விருந்தினர் வருகிறார்கள், அதற்குள் எடுத்துவிட்டால் நல்லது என்றார்.

எடுக்கலாம். எங்கே எடுப்பது?

இந்த மேடையில் இருக்கும் மூவரிடமும் நான்தான் தொலைபேசியில் பேசினேன். அந்தந்த ஊரில் கல்லறைத் தோட்டத்தைப் பார்ப்பவர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். கேட்டார்களோ இல்லையோ, பதில் மட்டும் சீக்கிரம் வந்தது. அவர் பதிவை மாற்றிக்கொண்டு போய்விட்டாரே என்றது குன்னூர். ஒரு வருடம் குடியிருந்தவரை எங்கள் ஆள் என்று எப்படிச் சொல்வது என்றது ஊட்டி. கோத்தகிரி என்ன சொன்னது தெரியுமா? “இடம் நெருக்கடிங்க. தோண்டுனா தண்ணி வருது.”

வீட்டுக்குத் தண்ணீர் இல்லாத ஊரில் குழிக்குத் தண்ணீர் வருகிறது! வாழ்நாளெல்லாம் பேசினாலும் ஐயாவால் கண்டுபிடிக்க முடியாத ஊற்றை, செத்த அன்றே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

மூன்று ஊருக்கும் பொதுவாக இருந்தவரை மூன்று ஊரும் சமமாகக் கைவிட்டன. பங்கீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. லோயிஸ் அம்மா அழவில்லை. அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்கள்: “ஒரே ஊருல இருந்து நாலு பேரோட சண்டை போட்டிருந்தாக்கூட, அந்த நாலு பேரு வந்து தூக்கியிருப்பாங்க கெஸியா.”

எங்கள் லைன் சின்னம்மை அக்காவுக்கு விஷயம் போனது. இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறு பிள்ளையாக வந்தவர். இரண்டு நாட்டில் வீடு இழந்தவர். போனை வாங்கி, “ஐயாவ இங்கன கொண்டாங்க பிள்ளை. எங்க ஆளுக படுத்திருக்கிற மேட்டுல படுக்கட்டும். சாமி வேறங்கிறத அந்த ரெண்டு சாமியும் மேல பேசித் தீத்துக்குவாங்க” என்றார். மழைத் தூறலில் அங்கேதான் அடக்கம் செய்தோம். அந்த மேட்டுக்கு மேலேதான் அந்தப் பிளவு ஓடுகிறது. சிவப்புக் குறி போட்ட சரிவில் ஐயாவுக்கு நிரந்தர முகவரி கிடைத்துவிட்டது. இனி மண் சரிந்தால் அவரும் எங்களோடு வருவார்.

அடக்கத்துக்கு இந்த மூவரில் ஒருவரும் வரவில்லை. மலர்வளையம் மூன்று வந்தது.

இப்போது இன்றைய விசேஷத்துக்கு வருகிறேன். இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தபோது, ஐயாவுக்கு நினைவு மண்டபம் கட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது. எங்கே கட்டுவது? அடடா, அப்போது பார்க்க வேண்டும் போட்டியை! குன்னூரில் அரை ஏக்கர் சமதளம் இருக்கிறது, சாலையும் இருக்கிறது என்றார் நவநீதன் அவர்கள். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர், காட்சி பிரமாதமாக இருக்கும் என்றார் ஜெர்சன் அவர்கள். பஸ் நிலையத்துக்கு மேலே இடம் இருக்கிறது, போர் போட்டாயிற்று, நல்ல தண்ணீர் என்றார் சசிரேகா அவர்கள். ஒரு தேநீர் ஆறுவதற்குள் மூன்று ஊரிலும் நிலம் முளைத்தது. இதற்காகத்தானே அந்த மனிதர் ஊர் ஊராகப் பாத்திரம் கட்டிக்கொண்டு அலைந்தார்? செத்தால் கிடைக்கும் என்று முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

மண்டபம் வேண்டாம். அந்த நிலங்களில் வீடு தொடங்குங்கள். அது போதாது என்பது எனக்கும் தெரியும். மீதியையும் இதே சுறுசுறுப்போடு தேடுங்கள்.

ஐயாவின் இடத்துக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறீர்கள். வருகிறேன். அவர் விதியை ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய நடுநிலையை மட்டும் அந்த மேட்டிலேயே அவரோடு விட்டுவிட்டேன். நான் பொது ஆள் அல்ல. கீழ் கோத்தகிரிச் சரிவில், வெடித்த சுவருக்குப் பக்கத்தில் பிள்ளையைப் படுக்கவைப்பவள். என்னோடு பேசும்போது அதை மறக்க வேண்டாம்.

இனி மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நிற்போம். பின்னால் இருப்பவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு நிமிடம் முடிந்ததும் வழக்கம்போல் உட்கார்ந்துவிட வேண்டாம். உங்கள் ஊர் எத்தனை வீடு எடுத்துக்கொள்ளும் என்பதை, மேடையில் இருக்கும் மூவரும் நின்றபடியே சொல்லுங்கள். சொன்ன பிறகு எல்லோரும் உட்காரலாம். வெளிக்கதவுப் பக்கம் எங்கள் ஆட்கள்தான் நிற்கிறார்கள். நிற்பது அவர்களுக்குப் பழக்கம்.

ஐயா வைத்த முறைப்படி, இந்தத் தடவை குன்னூரிலிருந்து தொடங்கலாமா?