அக்காவின் காதைத் திறந்த காடு

அவைக்கு அணியாக அமர்ந்திருக்கும் தலைவர் பெருந்தகையே! மேடையை நிறைத்திருக்கும் சான்றோரே! வேலைக் களைப்போடும் வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே! என்னைப் போல ஆம்புலன்ஸ் ஓட்டும் தோழர்களே! வணங்கித் தொடங்குகிறேன்.

கானகத்தின் பெருமையைப் பேச அழைத்தீர்கள். நான் என் அக்காவைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

அவசர உதவி மையத்தில் தொலைபேசி எடுப்பவர் அக்கா. எந்த வீட்டில் நெஞ்சுவலி, எந்தத் தெருவில் நெருப்பு, எல்லாம் முதலில் விழுவது அவர் காதில்! ஒருநாள் ஒரு தாய் அழைத்தார். குழந்தைக்கு மூச்சில்லை. அக்கா முதலுதவி சொன்னார், ஆம்புலன்ஸை விரைந்து அனுப்பினார், கடைசிவரை இணைப்பை விடவில்லை. குழந்தை பிழைக்கவில்லை.

அதன்பின் எந்தச் சத்தத்தையும் அக்காவால் தாங்க முடியவில்லை. குக்கர் கூவினால் குலுங்குவார். வாசல்மணி அடித்தால் வெளிறுவார். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலில் கிடப்பார். மருத்துவர் மாத்திரை தந்தார். "மரங்களுக்கு நடுவிலும் நடக்கட்டும்" என்றார்.

அக்காவைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "மரத்தைப் பாத்தா போன உயிர் வந்துடுமாடா?" என்றார். எனக்கே நம்பிக்கையில்லை, பெரியோரே! முதல் வாரம் கொசுக்கடிதான் மிச்சம். சிரிக்கிறீர்கள், கடி வாங்கியவன் நானல்லவா!

பிறகு ஒரு மாலை. காற்று நின்றது. பறவைகள் அடங்கின. தொலைவில், மலைச்சரிவில், ஓர் ஓசை எழுந்தது. அருவியா? ஆர்ப்பரிக்கும் கடலா? கோடி இலைகள்மேல் கோடித் துளிகள், ஐயா! மரம் மரமாக, சரிவு சரிவாக, மழை எங்களை நோக்கி நடந்து வந்தது! எங்கள்மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. அதற்குள் மெய் சிலிர்த்துவிட்டது எனக்கு.

"ஓடலாம் வாக்கா!"

"சும்மா இருடா. வருது... கேளு!"

பார்த்தேன். அவர் கைகள் காதைவிட்டு இறங்கியிருந்தன. மழை எங்களை மூடியது. அந்தப் பேரோசைக்குள் நின்று, அந்தக் குழந்தைக்காக அக்கா முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

அன்றே குணமாகிவிட்டாரா என்கிறார் முன்வரிசை அம்மா. இல்லை தாயே! மறுவாரம் மறுபடி காதைப் பொத்தினார். ஆனாலும் நடந்தார், நனைந்தார், மருந்தையும் விடவில்லை. காடு அவர் துயரத்தைத் துடைக்கவில்லை. தாங்கும் திடத்தைத் தந்தது!

சென்ற மாதம் வேலைக்குத் திரும்பினார். முதல் அழைப்பில் ஒரு பெண் அலறினாள்: "எங்கப்பா விழுந்துட்டாரு! ஐயோ, சீக்கிரம் வாங்க!"

"நான் இருக்கேம்மா. போனை வைக்காதே. அப்பா மூச்சு விடுறாரா, பாத்துச் சொல்லு."

"விடுறாரு... விடுறாரு அக்கா!"

அந்த வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போனவன் நான். பெரியவர் இன்று நலம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் கதவடைத்துக் கிடக்கிறாரா? கைபிடித்து வெளியே அழைத்துப் போங்கள்! செவிசாய்த்த உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்!