எனக்குத்தான் மிஸ்ஸி

— டிஸ்பென்சரிக் கதவச் சாத்திட்டேன். இனி செல்லுங்க ஜீவராணியக்கா, இந்த அரிப்பு எத்தின நாளா இரிக்கி?

— ரெண்டு மூணு வாரமா இருக்குங்க மிஸ்ஸி. கீழதான். தயிராட்டம் வெள்ளை படுது. பூசுறதுக்கு எதாச்சும் குடுத்தீங்கன்னா ஓடிருவேன். கொழுந்து பறிக்கிற மலையில சொல்லிட்டுத்தான் வந்தேன், கணக்கப்புள்ள ஏசுவாரு.

— ஏசட்டும். பூசுறதுக்கு முந்தி என்னத்தால வருதுண்டு பாக்கணும். வயித்துல ஏதும் இரிக்கா?

— இந்த வயசுலயா? சும்மா இருங்க மிஸ்ஸி.

— கோவிச்சுக்காதீங்க, கேக்கத்தான் வேணும். அவரு கொழும்புல கடையிலதானே. அங்கிரிந்து ஆம்பளைங்க கொண்டாந்து குடுக்கிற நோய் வருத்தமும் இரிக்கி.

— ஐயோ, அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க.

— சவுக்காரம் கிவுக்காரம் போட்டுத் தேச்சீங்களா?

— வேப்பிலை அவிச்ச தண்ணிதான். சூடுன்னு நெனச்சேன்.

— வேறென்ன செய்யுது?

— தண்ணி தண்ணின்னு ஒரே தாகம். குடிச்ச கையோட ஒண்ணுக்கு. சோறு நல்லாத்தான் எறங்குச்சு, ஆனா ஒடம்பு நாராப் போச்சு. சட்டையெல்லாம் தொளதொளன்னு நிக்குது. முந்தாநாத்துல இருந்து வாந்தி, வயித்து வலி.

— அப்ப சீனி வருத்தம் போல இரிக்கி. சீனி ஏறினா அந்த எடத்துல பூஞ்சணம் பிடிச்சு அரிக்கும். வெரல நீட்டுங்க.

— குத்தாதீங்க மிஸ்ஸி, களிம்பு மட்டும் போதும்.

— நீட்டுங்கண்டா நீட்டுங்க. ம். சீனி சரியா இரிக்கி. இதென்ன புதினம்? இந்தத் தராசுல ஏறி நில்லுங்க.

— எதுக்குங்க?

— ஒடம்பு நாராப் போச்சுண்டீங்க. பிரஷர் பாக்க வந்தப்ப இருந்த நிறை அப்பிடியே இரிக்கி. நாக்கு காயல்ல. வாந்தி எடுத்த மொகமும் இல்ல. யாருக்கு அக்கா இது?

— எனக்குத்தான் மிஸ்ஸி.

— இந்தத் தோட்டத்துல எத்தின பொய்யக் கேட்டிரிப்பன். யாருக்கு?

— மெதுவாப் பேசுங்க, வெளிய பெரியாயி நிக்குது. எம் மக தர்சிகாவுக்குங்க.

— பள்ளிக்கூடம் போற புள்ளைக்கா? அவளையே கூட்டி வந்தா என்ன?

— எப்புடிங்க கூட்டியாருவேன்? மேல் லயத்து வீட்டுப் புள்ள வெள்ளை படுதுன்னு இங்க வந்து நின்னதுக்கே, கருவக் கலைக்க வந்துச்சுன்னு கதை கட்டுனாங்க. அவ படிப்பே நின்னுச்சு. உங்களுக்குத் தெரியாததா? அதான் என் வருத்தம்னு சொல்லி வாங்கிட்டுப் போவோம்னு வந்தேன்.

— அவளுக்கு என்ன குடுத்தீங்க?

— தெம்பு வரட்டும்னு குளுக்கோசு கரைச்சுக் கரைச்சுக் குடுத்தேன்.

— யா அல்லாஹ். சீனிக்கு மேல சீனியா? மூச்சு எப்பிடி இரிக்கி?

— பெருசு பெருசா வாங்குறா. வாயில பழுத்த பழ வாசம் வருது. குளுக்கோசு வாசம்னு நெனச்சேன்.

— அக்கா, இது களிம்பு பூசுற வருத்தம் இல்ல. உசுருக்கே வந்திரிச்சி. இப்பவே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நான் வண்டிக்குச் செல்றேன். அவகூட இப்ப யாரு இரிக்கா?

— யாருமில்லைங்க. யாராச்சும் எட்டிப் பாத்து என்ன ஏதுன்னு கேட்டுப்புடுவாங்கன்னு வெளிய பூட்டுப் போட்டுட்டு வந்தேன். பயப்புடாதீங்க மிஸ்ஸி, இப்ப தேவலை. ராவெல்லாம் தண்ணி தண்ணின்னு அனத்துனவ, நான் கெளம்பையில கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன், கண்ணத் தொறக்கலை, தண்ணியும் கேக்கலை. நல்லாத் தூங்குறா.